மலையில் முதல் வலிச் செய்தி யாருக்குப் போகிறது?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என் பொறுப்பில் பதினோரு குக்கிராமங்கள். மூன்றுக்குத்தான் வண்டி போகும். எழுபது வயது தாண்டிய ஓர் ஆயா இங்கே பரம்பரையாகப் பிரசவம் பார்க்கிறார். பச்சிலை மருந்தும் கொடுப்பார், மந்திரித்துக் கயிறும் கட்டுவார். மாதாமாதம் நான் பரிசோதித்து, சத்து மாத்திரை கொடுத்து, ஸ்கேனுக்கு அனுப்பிவைத்த பெண்கள்கூட வலி கண்டதும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சமீபத்தில் ஒருத்திக்கு வீட்டில் பிரசவமாகி உதிரப்போக்கு நிற்கவில்லை. டோலி கட்டி இறக்கி, 108 பிடித்து, ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்ற முடிந்தது. ஆயா மேல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார் மேலதிகாரி. கூட வேலை பார்ப்பவரோ, "அவருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் நமக்கும் நிம்மதி" என்கிறார். ஆயா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் என்ன செய்யட்டும்? அவர் கொடுக்கும் மருந்துகளை எல்லாம் நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

புகார் கொடுக்காதீர்கள். பயிற்சி கொடுத்து அவரையே பிரசவம் பார்க்க விட்டுவிடவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது மெதுவான வழி, ஆனால் பல நாட்டு மலைகளில் நடந்து பார்த்த வழி.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வரிதான்: "வலி கண்டதும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்." நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மலையில் உயிர் காக்கும் வேலை முழுக்க அந்த வரியில்தான் தொங்குகிறது என்று நான் நினைக்கிறேன். முதல் செய்தி அவருக்குப் போகிறது. அவரிடமிருந்து உங்களுக்கு எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பிரசவ காலத்து ஆபத்துகளுக்கு நேரக் கணக்கு உண்டு. எங்களுக்குப் பாடத்தில் சொல்லித்தந்த சராசரிகள் இவை: பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு, கவனிக்காவிட்டால், சுமார் 2 மணி நேரத்தில் தாயைக் கொண்டுபோய்விடும். கருப்பை கிழிந்தால் ஒரு நாள். வலிப்பு வந்தால் 2 நாள். குழந்தை இறங்காமல் சிக்கிக்கொண்டால் 3 நாள். சீழ்பிடித்துக் காய்ச்சல் கண்டால் 6 நாள். இந்தப் பட்டியலை உங்கள் மலைப்பாதையோடு வைத்துப் பாருங்கள். கடைசி நான்கிலும் டோலிக்கு நேரம் இருக்கிறது. முதலாவதில் இல்லை. உதிரம் போகத் தொடங்கிய பிறகு ஆள் தேடி, மூங்கில் வெட்டி, புடவை கட்டி, இறங்கி வருவதற்குள் முடிந்துவிடும். உங்கள் ஊர்ப் பெண் பிழைத்தது பெரிய காரியம். அடுத்தவளுக்கும் அப்படி அமையும் என்று நம்பியிருக்க முடியாது.

யாருக்கு உதிரப்போக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. முந்தைய பிரசவத்தில் வந்தவள், இரட்டைக் குழந்தை சுமப்பவள், பல பிள்ளை பெற்றவள் என்று சிலரைக் குறித்துவைக்கலாம். ஆனால் எந்தக் குறியும் இல்லாத பெண்ணுக்கும் வரும். அதோடு ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே வெளுத்துப்போன பெண், மற்றவர்கள் தாங்கக்கூடிய இழப்பைக்கூடத் தாங்க மாட்டாள். ஆகவே உதிரம் போன பிறகு ஓடுவதை விட, வலி தொடங்கும்போதே அல்லது அதற்கும் முன்பே அவள் கீழே இருப்பதுதான் பாதுகாப்பு. வலி தொடங்கிவிட்டதை முதலில் அறிகிறவர் ஆயா.

இப்போது புகாரை யோசியுங்கள். போலீஸ் வந்து விசாரித்தால் பிரசவம் பார்ப்பதை ஆயா நிறுத்தமாட்டார். நிறுத்தியதாகச் சொல்வார். ராத்திரியில் கூப்பிடுவார்கள், அவரும் போவார். சிக்கல் வந்தால், "யார் பார்த்தது?" என்ற கேள்விக்குப் பயந்து குடும்பம் கூடுதலாக ஒரு மணி நேரம் யோசிக்கும். தாமதங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள், 1994இல்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் கவனிப்பதில் தாமதம். உங்கள் மலையில் இரண்டாவது தாமதத்தை ரோடு வந்தால்தான் குறைக்கலாம். முதலாவது உங்கள் கையிலும் ஆயா கையிலும் இருக்கிறது. புகார் அதை நீட்டித்துவிடும்.

சரி, ஆயாவுக்கே பயிற்சி கொடுத்தால் என்ன என்கிறார் உங்கள் தோழி. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். இந்தியா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு. 1970களிலிருந்து ஊர் ஊராக மருத்துவச்சிகளைக் கூட்டிப் பயிற்சி நடந்தது, பிரசவப் பெட்டி கொடுத்தார்கள். கை கழுவு, சுத்தமான விரிப்பு போடு, புது பிளேடு, புது நூல், தொப்புளில் எதையும் பூசாதே என்ற ஐந்து சுத்தங்கள் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன. தடுப்பூசியும் இதுவும் சேர்ந்துதான் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னி (டெட்டனஸ்) ஒழிந்தது. 2015இல் இந்தியா அந்த நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தாய்மார் சாவு அந்தப் பயிற்சியால் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. காரணம் அந்தப் பாட்டிகளின் திறமைக்குறைவு என்று சொல்லமாட்டேன். தாயைக் கொல்லும் நிலைகளுக்குத் தேவை, கருப்பையைச் சுருங்கவைத்து உதிரத்தை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி, வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்ஃபேட், ரத்தம், அறுவை சிகிச்சை. பத்து நாள் பயிற்சியால் இவற்றை ஒருவர் கையில் கொடுக்க முடியாது. 1997இல் கொழும்பில் கூடிய சர்வதேச பாதுகாப்பான தாய்மை மாநாட்டில், முறையாகப் படித்த பேறுகால உதவியாளர் ஒவ்வொரு பிரசவத்திலும் இருக்க வேண்டும் என்பதே முதன்மையான கொள்கையாக நின்றது.

கொழும்பு என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இலங்கை 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில், படித்த மருத்துவமாது அந்தப் பகுதிக்குள்ளேயே குடியிருந்து வீடு வீடாகப் போனார். ஊர்ப் பெண்கள் அவர் முகம் அறிந்தவர்கள். தாய்மார் சாவைக் குறைப்பதில் அந்த நாடு இந்தியாவை முந்தியதற்கு அது ஒரு பெரிய காரணம். நீங்கள் மலையடிவாரத்தில் வீடெடுத்து வாரத்தில் சில நாள் ஏறி வருபவராக இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் உங்களை நினைக்கமாட்டாள். இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. தங்குவதற்குக் கதவு பூட்டும் ஓர் அறைகூட இல்லாத துணை நிலையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை எழுத்தில் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

பச்சைக் குழந்தை விஷயம் வேறு. அங்கே ஊர்ப் பெண்களால் நிறைய முடியும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். மருத்துவச்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தைச் சாவு 62 சதவீதம் குறைந்திருந்ததை 1999இல் வெளியிட்டார்கள். ஆயாவுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டால் இங்கிருந்து தொடங்குங்கள்: பிறந்ததும் துடைத்துத் தாயின் மார்பில் போடுவது, அழாத குழந்தையின் முதுகைத் தேய்த்துவிடுவது, முதல் மணி நேரத்தில் சீம்பால், சேனை (சர்க்கரைத் தண்ணீர்) வைக்காமல் இருப்பது, முதல் நாள் குளிப்பாட்டாமல் இருப்பது. மலைக்குளிரில் பிறந்ததும் குளிப்பாட்டுவது எடை குறைந்த குழந்தைக்கு எமன். இதை ஆயா ஒருமுறை சொன்னால் ஊர் கேட்கும். நாம் பலமுறை சொன்னாலும் கேட்பது கடினம்.

இனி, பெண்கள் ஏன் ஆயாவைக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். அறியாமை, மூடநம்பிக்கை என்று கூட்டங்களில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காரணம் அது இல்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் அயகூச்சோ என்ற பகுதி இருக்கிறது. கெச்சுவா மொழி பேசும் பழங்குடியினர். அங்கே சாந்தில்யானா என்ற மாவட்டத்தில் 1999இல் நூற்றுக்கு 6 பிரசவங்கள்தான் சுகாதார நிலையத்தில் நடந்தன. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்றால், 1996 முதல் 2000 வரை அந்த நாட்டு அரசு 2,70,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், மலைப் பழங்குடிகள். ஏராளமானவர்களுக்கு மிரட்டியோ ஏமாற்றியோ செய்தார்கள். அரசு ஆஸ்பத்திரி என்றாலே அந்தப் பெண்களுக்குப் பயம் வந்ததில் என்ன தவறு?

பெண்களிடமும் அங்குள்ள மருத்துவச்சிகளிடமும் சுகாதாரப் பணியாளர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். பதில் எளிமையாக இருந்தது. மல்லாக்கப் படுக்கச் சொல்கிறார்கள், எங்களுக்குக் குத்துக்காலிட்டுப் பெற்றுத்தான் பழக்கம். உடுப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், குளிர்கிறது, வெட்கமாக இருக்கிறது. புருஷனையும் தாயையும் வெளியே நிறுத்துகிறார்கள். எங்கள் பாஷை தெரியவில்லை. நஞ்சுக்கொடியைக் குப்பையில் போடுகிறார்கள். இதைக் கேட்டு அறையை மாற்றினார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, உட்கார ஒரு பெஞ்ச், கெச்சுவா பேசும் ஊழியர்கள், உள்ளே வர குடும்பத்துக்கும் மருத்துவச்சிக்கும் அனுமதி, நஞ்சுக்கொடியை முறைப்படி அடக்கம் செய்ய வழி. 2007இல் சுகாதார நிலையப் பிரசவம் 83 சதவீதம் ஆகிவிட்டது. நடுவில் 2005இல் பெரு அரசே நிமிர்ந்த நிலைப் பிரசவத்துக்கு நாடு தழுவிய விதிமுறை வெளியிட்டது. புதிதாக எந்த மருந்தும் வரவில்லை.

உங்கள் மலைப் பெண்கள் எப்படிப் பெறுகிறார்கள் என்று எழுதவில்லை. உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒருத்தி தாங்க, முட்டி போட்டு அல்லது குத்துக்காலிட்டுப் பெறுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அதில் தடுக்க வேண்டியது எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையே, பெண்ணுக்கு வசதியான நிலையில் பெறட்டும், நடமாடட்டும், தண்ணீரும் உணவும் எடுத்துக்கொள்ளட்டும், விரும்பிய துணை பக்கத்தில் இருக்கட்டும் என்கிறது. கட்டிலில் மல்லாக்கப் போட்டுக் காலைத் தூக்கி மாட்டுவது நம் வசதிக்காக வந்த பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயா வயிற்றை அமுக்குகிறார் என்று குறை சொல்லும் முன், நம் பிரசவ அறைகளில் யாரும் மேல்வயிற்றில் கை வைத்து அழுத்துவதில்லையா என்று நேர்மையாகப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அது தவறு, கருப்பை கிழியக்கூடும். "அப்பத் தெரியலையா, இப்ப கத்துற?" என்று வலியில் கிடக்கும் பெண்ணிடம் கேட்பது நம் ஊர்ப் பிரசவ வார்டுகளில் எத்தனை சாதாரணம்! தொடையில் அறைவது, சாதியைச் சொல்லிப் பேசுவது, கேட்காமலே காப்பர் டி வைத்துவிடுவது, இரண்டு பிள்ளை ஆகிவிட்டது என்று கருத்தடைக்கு நெருக்குவது. ஒருத்திக்கு நடந்ததை அந்த மலையே பேசும். ஆயாவின் கை மெதுவானது. அவர் திட்டுவதில்லை. அந்தப் பெண்ணின் தாயையும் அவர்தான் பெற்றெடுக்கவைத்தார். இந்த மதிப்பை நம் மாத்திரை அட்டையால் வாங்க முடியாது. ஆயாவையே உள்ளே அழைத்து வந்தால் வாங்கலாம்.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மத்திய அரசு 2016இல் பிரசவ அறையில் துணை இருக்க அனுமதித்தபோது, தானும் பிள்ளை பெற்ற ஒரு பெண் துணையாக இருக்கலாம் என்றது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த வழக்கம் அதற்கும் முந்தையது. உங்கள் குக்கிராமங்களில் ஆயா யாருக்கோ அத்தை, யாருக்கோ பெரியம்மா. உறவுத் துணையாகவே அவர் வரலாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமும் ஸ்டாஃப் நர்ஸ்களிடமும் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஆயாவை அழைத்து வந்த அன்று வாசலில் யாராவது, "கெழவி, வெளிய நில்லு" என்று சொல்லிவிட்டால் உங்கள் உழைப்பெல்லாம் போய்விடும். முதல் முறை நீங்களே கூட நில்லுங்கள். அவர் இடுப்பைத் தேய்த்துவிடட்டும், பெயர் சொல்லி தைரியம் கொடுக்கட்டும், முதுகைத் தாங்கிப் பிடிக்கட்டும். ஊசி, கையுறை, உள் பரிசோதனை, நஞ்சுக்கொடி எடுப்பது நர்ஸின் வேலை. இந்த எல்லையை மரியாதையாக, ஆனால் குழப்பமில்லாமல் சொல்லிவிடுங்கள்.

நஞ்சுக்கொடி உங்கள் மலையிலும் பிரச்சினையாக இருக்கலாம். மருத்துவக் கழிவு விதிகள் இருப்பதால் கேட்டவுடன் கையில் கொடுத்துவிட முடியாது. ஆனால் கழிவு சுத்திகரிப்பு நிலையம் எட்டாத தொலைதூரப் பகுதிகளில் ஆழமாகப் புதைக்க 2016 விதிகளே இடம் தருகின்றன. வளாகத்தில் அப்படி முறையான குழி இருந்தால், புதைக்கும்போது அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும் என்று மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேளுங்கள்.

மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் உங்களிடம் மறைப்பார். ஒவ்வொன்றாக என்ன இலை, என்ன வேர், எப்போது, எவ்வளவு என்று ஆர்வத்தோடு கேளுங்கள். சீரகம், ஓமம், மிளகு போட்ட கஷாயம், பிரசவமான பிறகு கொடுக்கும் சுக்கு லேகியம், எண்ணெய் தேய்த்த இளம் வெந்நீர்க் குளியல் இவற்றில் கை வைக்காதீர்கள். பத்தியம் என்று தண்ணீரையும் பருப்பையும் கீரையையும் நிறுத்துவது மட்டும் கெடுதல். வலி வர வைக்க விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் பெண் சோர்ந்துவிடுவாள், அதைக் கேட்டுக் குறைக்கச் சொல்லுங்கள்.

கண்டிப்பாக நிறுத்த வேண்டியவை இரண்டு. ஒன்று, கண்வலிக் கிழங்கு. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். நம் செங்காந்தள் பூவின் கிழங்குதான். பிரசவம் சீக்கிரம் ஆக அதை அரைத்து வயிற்றிலும் பாதத்திலும் பூசும் வழக்கம் பழைய வைத்தியத்தில் உண்டு. அதிலிருக்கும் கோல்சிசின் கடும் விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் ஆளைக் கொன்றுவிடும். அந்த விஷயம் ஆயாவுக்கே தெரிந்திருக்கும், அவரிடமே கேளுங்கள். இரண்டாவது, பச்சிலையே அல்ல. ஊர் ஊராக வரும் ஊசிக்காரர் வீட்டில் போடும் "வலி ஊசி". ஆக்சிடோசினைப் பிரசவத்துக்கு முன் கணக்கில்லாமல் போட்டால் கருப்பை கிழியும், குழந்தைக்கு மூச்சு முட்டும். மூலிகையை விட இது அதிக ஆபத்து. அந்த ஊசிக்காரரைப் பற்றி மேலே தெரிவிக்க நான் தயங்கமாட்டேன்.

மந்திரிப்பதை நான் தடுக்கமாட்டேன். வலிப்பு வந்த கர்ப்பிணியைக் காத்து அடித்துவிட்டது என்று பூசாரியிடம் கொண்டுபோய் ஒரு ராத்திரி முழுக்க வைத்திருப்பதுதான் கொல்கிறது. கயிறு கட்டுவதற்குச் சில நிமிடம் போதும். டோலி கட்டும் நேரத்தில் கயிறும் கட்டட்டும். தலைவலி, கண் இருட்டல், முகம் கை வீக்கம் என்று ஒரு பெண் சொன்னால் அன்றே உங்களிடம் ரத்த அழுத்தம் பார்க்கக் கூட்டி வர வேண்டும் என்பதை ஆயா மனதில் பதியும்படி சொல்லுங்கள்.

வீட்டுப் பிரசவம் உடனே நின்றுவிடாது. மழையில் பாதை அறுந்த ராத்திரியில் குழந்தை பிறந்தே தீரும். அந்த நிலைக்கு, உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இருக்கிறது. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்துக் கிராமங்களில் துணை செவிலியர்கள் பிரசவமான உடனே 600 மைக்ரோகிராம் வாய்வழி கொடுத்துச் சோதித்தார்கள். உதிரப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 ஆகக் குறைந்ததாக 2006இல் முடிவு வந்தது. ஆக்சிடோசின் போல இதற்குக் குளிர்பெட்டி வேண்டாம், மின்சாரம் போகும் மலைக்கு அது பெரிய உதவி. ஆனால் குழந்தை வெளியே வந்து, வயிற்றில் இன்னொன்று இல்லை என்று தொட்டு உறுதிசெய்த பிறகுதான் கொடுக்கலாம். அதற்கு முன் கொடுத்தால் கருப்பையே கிழியக்கூடும். யார் வைத்திருப்பது, யார் கொடுப்பது என்பதை மருத்துவ அலுவலரின் எழுத்துமூல உத்தரவோடு மட்டும் செய்யுங்கள். முன்பு சிசேரியன் ஆனவள், இரட்டை, குறுக்கே கிடக்கும் குழந்தை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவள், இவர்களுக்கு எந்த வீட்டு ஏற்பாடும் கிடையாது. தேதிக்கு முன்பே கீழே இறங்க வேண்டும்.

இறங்கி எங்கே தங்குவது? மலையடிவாரத்தில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அவை காலியாகக் கிடக்கும்போது பெண்கள் மேல் கோபப்படுகிறோம். வீட்டில் சின்னப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், சாமை அறுப்புக்கு யார் போவார்கள், ஆட்டை யார் ஓட்டுவார்கள் என்பதுதான் அவள் கணக்கு. சின்னப் பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ள விட்டு, மாமியாருக்கும் சாப்பாடு கொடுத்தால் வருவாள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டு நிரம்பாத பெண்கள். மலையில் பதினாறில் கல்யாணம் முடித்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போக்சோ வழக்கு, புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயத்தில் அந்தப் பிள்ளைகளை ஒளித்துவைக்கிறார்கள். உடம்பு முழுதாக வளராத, ரத்தமில்லாத, முதல் பிரசவக்காரிகள் அவர்கள். மருத்துவமனை தகவல் தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். "யாருக்கும் சொல்லமாட்டோம்" என்று பொய் வாக்கு கொடுக்காதீர்கள். சிகிச்சையை எந்த வழக்கும் தடுக்க முடியாது, பணம், அட்டை, சான்றிதழ் எதுவும் கேட்காமல் பிரசவம் பார்க்க வேண்டியது எங்கள் கடமை என்று சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனிதாபிமானமுள்ள ஒருவரை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதும் ஆயாவுக்குத்தான் தெரியும்.

ஆயாவுக்கு இதில் இழப்பு உண்டு, அதையும் பேசியாக வேண்டும். ஒரு பிரசவத்துக்கு ஒரு சேலை, கொஞ்சம் ராகி, ஒரு கோழி என்று அவருக்கு ஏதோ வரும். அவர் பிழைப்பில் அதற்கும் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி போகும்போது, கூட்டிவந்த கிழவிக்கு ஒன்றுமில்லை என்றால் யாருக்கும் மனம் வராது. ஆஸ்பத்திரியில் பெற்றாலும் ஆயாவுக்குரிய மரியாதையை விட்டுவிடாதீர்கள் என்று பெண்களிடம் நீங்களே சொல்லுங்கள். குழந்தைக்கு முதல் எண்ணெய்க் குளியல், பெயர் வைக்கும் சடங்கு இவை அவருடையதாகவே இருக்கட்டும்.

தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கியில் டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் தொடங்கியபோது, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள், குக்கிராமங்களின் மூத்த பெண்களைச் சுகாதாரத் துணையாக வைத்துக்கொண்டார்கள். உங்களால் முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். ஆயாவுக்குப் படிக்கும் பேத்தி இருக்கிறாளா? பிளஸ் டூ முடித்தால் அவளை நர்சிங்குக்கு அனுப்ப என்ன வழி என்று பாருங்கள். பத்து வருடம் கழித்து அந்த மலைக்கு வேண்டியவள் அவள்தான்.

மேலதிகாரிக்கு என்ன சொல்வது? கூட்டத்தில், "ஜீரோ ஹோம் டெலிவரி", அதாவது வீட்டுப் பிரசவமே இல்லாத கணக்கு, கேட்கிறார்கள். மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவ நிலையத்தில் நடப்பதாக 2019-21 ஆய்வு சொல்கிறது. மீதியில் உங்கள் மலை போன்ற இடங்கள் இருக்கின்றன, அங்கே நெருக்கினால் கணக்கு மட்டும்தான் பூஜ்யமாகும். வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தயங்காமல் பதிவு போடுங்கள், பிறப்புச் சான்றிதழை நிறுத்திவைத்து மிரட்டாதீர்கள். ஆயா மூலம் வலி தொடங்கி எத்தனை மணிக்குத் தகவல் வந்தது என்று ஒவ்வொரு பிரசவத்துக்கும் குறித்துவைத்து, சில மாதம் கழித்து அந்தத் தாளை மேலதிகாரியின் மேசையில் வையுங்கள். புகாருக்குப் பதில் நீங்கள் செய்துவரும் வேலை அதில் தெரியும்.

இப்போது ஆயாவிடம் போங்கள். பதிவேடு வேண்டாம், சீருடையும் வேண்டாம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு சாயங்காலம் போங்கள். உதிரப்போக்குச் சம்பவத்தைப் பற்றி முதல் நாள் கேட்காதீர்கள், அவருக்கும் அது தூக்கம் கெடுத்த விஷயமாகத்தான் இருக்கும். உங்கள் கை பார்த்து எத்தனை பிள்ளை பிறந்திருக்கும் ஆயா, எந்தப் பிரசவம் கஷ்டமாக இருந்தது, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டு உட்காருங்கள். இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது ஒரே ஒரு உதவி கேளுங்கள்: இடுப்பு வலி என்று யார் வந்து கூப்பிட்டாலும், கிளம்பும் முன் உங்களுக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாத குக்கிராமத்துக்கு, ஓடி வந்து சொல்லும் பையன் யார் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதோடு ஒவ்வொரு குக்கிராமத்திலும் டோலி தூக்கும் நான்கு பேர் பெயரும், மூங்கிலும் கம்பளியும் எந்த வீட்டில் இருக்கும் என்பதும், ரத்தம் கொடுக்கக்கூடியவர் யார் என்பதும் வடகிழக்கு மழைக்கு முன் ஒரு நோட்டில் ஏறிவிட வேண்டும். அந்த நோட்டின் ஒரு நகல் ஆயா வீட்டில் இருக்கட்டும், வாசித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.